பதினோரு சபைகளுக்கு ஒரு கோப்பு

ஷெர்லிக்கு நாற்பத்தேழாவது வயதில் கல்யாணம் நிச்சயமானது. நிச்சயம் செய்தது அவளேதான். செய்துவைக்க வேறு ஆள் இல்லை.

ரியாத்தில் பதினெட்டு வருடம் நர்ஸாக இருந்தவள். தம்பிகள் இரண்டு பேரும் படித்து முடித்து, ஒருவன் தோஹாவிலும் ஒருவன் மெல்பர்னிலுமாக நிலைத்த பிறகு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பினாள். அம்மா இரண்டு வருடம் பார்க்கவிட்டு இறந்துபோனாள். சிதறாலுக்குப் போகிற சாலையில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த அந்த வீட்டில் ஐந்து அறைகள். நான்கை வாரத்துக்கு ஒருமுறை திறந்து, பெருக்கி, மறுபடி பூட்டுவாள். மார்த்தாண்டத்தில் ஒரு கிளினிக்கில் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினால், மறுநாள் காலையில் பஸ் கண்டக்டர் "எங்க?" என்று கேட்கும்வரை யாரும் அவளிடம் பேசுவதில்லை.

ஜெபசீலன் அந்தக் கிளினிக்குக்கு மாதம் ஒருமுறை பிரஷர் பார்க்க வருகிறவர். களியக்காவிளையில் பெயிண்ட் கடை. வயது ஐம்பத்தைந்து. மனைவி போய் ஆறு வருடம். ஒரே மகள் பெங்களூரில் இருக்கிறாள். ஒருநாள் கையில் பட்டை கட்டியிருக்கும்போது அவர் சொன்னார்: "எனக்கு வீட்டில வச்சுப் பாத்தா நார்மலாக்கும். இங்கன வந்து இருந்தாத்தான் கூடுகு."

ஷெர்லி சீட்டில் நூற்றைம்பதுக்குத் தொண்ணூறு என்று எழுதினாள். "அஞ்சு நிமிசம் சும்மா இருங்க. மறுபடி பாப்போம்" என்றாள்.

ஐந்து நிமிடம் கழித்து நூற்றறுபது இருந்தது.

நான்கைந்து மாதம் இப்படிப் பார்த்தபின், மாத்திரையை மாற்றிப் பயனில்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்துபோனது. ஷெர்லி தன்னுடைய கல்லுவிளை சபையின் போதகரிடம் போய்ச் சொன்னாள். போதகர் புதிதாக மாற்றலாகி வந்தவர், நல்ல மனிதர். சந்தோஷப்பட்டு ஜெபம் செய்தார். பிறகு, "ரெண்டு பேருக்கும் ஞானஸ்நானச் சான்று வேணும். ஐக்கிய அலுவலகத்தில கேட்டா தருவாங்க" என்றார்.

ஜெபசீலனுக்குச் சிக்கல் இல்லை. முதல் கல்யாணத்துக்கு வாங்கிய சான்று பீரோவில் இருந்தது. ஷெர்லி இதுவரை எதற்கும் வாங்கியதில்லை.

தென்மலை மிஷன் சபைகளின் ஐக்கியம் என்பது பதினோரு சபைகள் சேர்ந்தது. அதன் செயலாளர் ஏசுஅடிமை, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மூன்று தடவை போட்டியில்லாமல் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மேஜையில் ஒரு மணி வைத்திருந்தார். அலுவலகத்தில் அவரைத் தவிர யாரும் இல்லாததால் அதைத் தானே அடித்து, தானே எழுந்து போய்க் கதவைத் திறப்பார்.

"வா மக்கா" என்றார். "சான்றா? நம்ம ஐக்கியம் இப்போ டிஜிட்டலாக்கும்."

"அப்போ உடனே கிடைக்குமா சார்?"

"டிஜிட்டல் ஆனா உடனே கிடைக்கும்னு யாரு சொன்னா? டிஜிட்டல் எதுக்குன்னா, அழியாம இருக்கதுக்கு. கிடைக்கணும்னா புஸ்தகமாட்டே வச்சிருப்போமே."

பிறகு அவர் வரலாற்றைச் சொன்னார். நூற்றைம்பதாவது ஆண்டு விழாவின்போது பெங்களூரிலிருந்து ஒரு நிபுணர் ஆப்பிள் கம்ப்யூட்டருடன் வந்தார். தொண்ணூற்றாறு பதிவேடுகளையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, எல்லாவற்றையும் இறுக்கிச் சுருக்கி ஒரே கோப்பாக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். பதிவேடுகளை இனி வைத்திருந்தால் கரையான்தான் தின்னும் என்று கமிட்டி கருதியது. பாட்டுப் பாடி, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டி, அவற்றை அடக்கம் செய்தார்கள். மேலே சிமெண்டுப் பலகை போட்டுத் தேதியும் பொறித்தாயிற்று.

"அந்தக் கோப்பு எங்க இருக்கு சார்?"

"அங்கயாக்கும் காரியம். ஒரு கோப்பு, பதினோரு சபை. யாரு வச்சிருக்கது? ஒரு சபையில குடுத்தா பத்து சபை கேக்கும். ஆறு மாசம் பேசினோம். கடைசியில நானே ஒரு யோசனை சொன்னேன். கோப்பைச் சமமாட்டுப் பதினொண்ணா வெட்டி, சபைக்கு ஒரு துண்டு. பென் டிரைவில போட்டு, ஆராதனையில வச்சுக் குடுத்தோம். ஒரு பரிபூரணமான நீதி மக்கா! ஒருத்தனும் வாயத் தொறக்கல்ல."

"வெட்டினா தொறக்க முடியுமா?"

"தொறக்கணும்னு இதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல்லியே. நீயாக்கும் முதல் ஆளு."

அவருக்கு அதில் வருத்தம் இருந்ததுபோலத் தெரிந்தது. ஷெர்லி தயங்கித் தயங்கி, "சார், உங்களுக்கு என்னைத் தெரியும். எனக்க அப்பாவைத் தெரியும். நீங்களே எழுதித் தந்தா?" என்று கேட்டாள்.

"உன்னைத் தெரியாதா மக்கா? நீ இந்தச் சபைப் பிள்ளையாக்கும். அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனா எனக்குத் தெரிஞ்சது ஆவணம் ஆகுமா? ஆகாது. ஒரு செயலாளர் தனக்குத் தெரிஞ்சதை வச்சுக் கையெழுத்துப் போட ஆரம்பிச்சா, பின்னே அலுவலகம் எதுக்கு?"

அவள் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தாள். அவர் வாங்கி, முத்திரை குத்தி, மணியை அடித்து, எழுந்துபோய் அலமாரியில் வைத்தார்.

நாற்பது நாள் கழித்து ஆவணக் கமிட்டி கூடியது. இடையில் உபவாச நாட்கள் வந்துவிட்டதால் அந்தக் காலத்தில் கல்யாணம் சம்பந்தமான எதையும் பேசுவதில்லை என்று செயலாளர் விளக்கினார். கமிட்டிக்கு ஷெர்லியையும் வரச் சொல்லியிருந்தார்கள். அவள் நாற்காலி கதவுக்கு வெளியே போடப்பட்டிருந்தது. விண்ணப்பதாரர் கமிட்டி நடவடிக்கைகளைக் கேட்கலாம், உள்ளே இருக்கக்கூடாது என்பது விதி.

பதினொன்றாவது துண்டை மட்டும் கொண்டுவந்து அலுவலகக் கம்ப்யூட்டரில் செருகினார்கள். கடைசித் துண்டில்தான் உள்ளடக்கப் பட்டியல் இருக்கும் என்று நிபுணர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இதனால் பதினொன்றாவது சபைக்கு ஒரு பெருமை உண்டு. ஏதோ ஒரு நிரலில் பட்டியல் திறந்தது. வரிசை வரிசையாகப் பெயர்கள். தலையில் கீற்று வைத்த ஆங்கில எழுத்துகள், வட்டத்துக்குள் அடைபட்ட ஒரு ஆர், மறுபடி கீற்று, மறுபடி வட்டம். ஒரு வார்த்தையையும் வாசிக்க முடியவில்லை.

பெண்கள் ஐக்கியத் தலைவி லீலாபாய் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது அந்நிய பாஷையாக்கும்" என்றாள்.

பொருளாளர் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஆவியில நிறைஞ்சு பேசுற அந்நிய பாஷைக்கு நம்ம ஐக்கியத்தில அனுமதி கிடையாது" என்றார் பொருளாளர். "அதுக்காகவாக்கும் போன வருசம் ரெண்டு குடும்பத்தை நீக்கினோம்."

"பேசத்தான் அனுமதி இல்லை" என்றார் செயலாளர். "எழுதியிருந்தா என்ன செய்யணும்னு விதியில ஒண்ணும் இல்லை."

வெளியே இருந்த ஷெர்லி எழுந்து நின்றாள். "சார், அது தமிழ்தான்னு தோணுகு. ஆப்பிள் கம்ப்யூட்டர்ல தமிழில பேரு வச்சிருக்காங்க. இந்தக் கம்ப்யூட்டருக்கு அந்த எழுத்து பிடிபடல்ல. ரியாத்தில எங்க ஆஸ்பத்திரியிலயும் வேற இடத்து ஸ்கேன் வந்தா இப்படித்தான் காட்டும்."

விண்ணப்பதாரர் கேட்கலாம், பேசக்கூடாது என்று அவளுக்கு நினைவூட்டப்பட்டது. ஆனாலும் தமிழ் தெரியாத ஒரு கம்ப்யூட்டரை ஐக்கியத்துக்கு வாங்கித் தந்தது யார் என்ற கேள்வி எழுந்து, அது ஒன்றரை மணி நேரம் நடந்தது.

முடிவில் ஒரு தீர்மானம் போட்டார்கள். பதினோரு துண்டுகளையும் அலுவலகமே ஓரிடத்தில் சேர்த்தால் அது அதிகாரக் குவிப்பாகும். ஆனால் ஒரு சாதாரண விசுவாசி, தன் சொந்தப் பொறுப்பில், ஒவ்வொரு சபையாகப் போய், துண்டை வைத்திருக்கும் பாதுகாவலரின் சம்மதத்தோடு பிரதி எடுத்துச் சேர்த்தால் அதற்கு ஐக்கியம் குறுக்கே நிற்காது. சேர்த்தபின் கோப்பு கெட்டிருந்தால் செப்பனிடும் பொறுப்பும் அவருடையதே.

சனிக்கிழமைகளில் ஜெபசீலன் கடையை மதியத்தோடு அடைத்துவிட்டு ஸ்கூட்டரில் வருவார். ஷெர்லி பின்னால் உட்கார்ந்து, மடியில் பழைய லேப்டாப்பை வைத்துக்கொள்வாள். இரண்டு மாதம் இப்படி மலையோரம் சுற்றினார்கள். ஒரு பாதுகாவலர் துண்டை வங்கி லாக்கரில் வைத்திருந்தார். லாக்கர் சாவி மகனோடு மஸ்கட்டில் இருந்தது; அவன் லீவுக்கு வரும்வரை காத்திருந்தார்கள். இன்னொருவர், கோப்புகள் கெட்டுப்போகும் என்று கேள்விப்பட்டு, தன்னுடையதை மீன்குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் பிரிட்ஜில் வைத்திருந்தார். அது நன்றாகவே இருந்தது. தன் சபையில் ஆள் அதிகம், துண்டு மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவா என்று ஒருவர் கோபப்பட்டார். அந்தக் குறையை அவள் எழுதி எடுத்துக்கொண்டாள். எல்லா இடத்திலும் முதலில் ஜெபம், பிறகு சாயா, பிறகு பிரதி.

எல்லா இடத்திலும் ஒரு கேள்வியும் இருந்தது. "கூட வந்திருக்கது யாரு?"

முதல் வீட்டில் ஷெர்லி லேப்டாப்பைத் திறந்தபடி, "பெயிண்ட் கடைக்காரர்" என்றாள். ஜெபசீலன் முற்றத்தில் நின்று, உரிந்த சுவரை உண்மையாகவே பார்ப்பதுபோலப் பார்த்தார். அதற்குப் பிறகு போன வீடுகளிலெல்லாம் அவள் அதையே சொன்னாள். இரண்டு பேர் அவரிடம் பெயிண்ட் விலை விசாரித்தார்கள்.

லீலாபாயிடம் இருந்தது நான்காவது துண்டு. அவள் நகலெடுக்க விட்டுவிட்டு, ஷெர்லியை அடுக்களைக்குள் இழுத்துப் போனாள்.

"ஏட்டி, இந்த வயசில இது உனக்கு எதுக்கு?"

"வயசானதுனாலதான் மாமி."

லீலாபாய் அவளை ஒருகணம் பார்த்தாள். பிறகு ஒரு பொட்டலம் அச்சுமுறுக்கு கட்டிக் கொடுத்து, "கமிட்டியில நான் இதைப் பேசினதாட்டுச் சொல்லாத" என்றாள்.

திரும்பும் வழியில் ஒரு சாயாக்கடையில் நிறுத்தினார்கள். ஜெபசீலன் வெகுநேரம் கிளாஸைச் சுழற்றிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "ரிஜிஸ்தர் ஆபீஸ்ல ஆதார் கார்டு போதும்னு சொல்லுகாவ. அங்கன போயி முடிச்சா என்ன?"

ஷெர்லி யோசித்துத்தான் சொன்னாள். "கோயில்ல வச்சு நடந்தா, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வந்த ஆளு எப்படியும் இருக்கும். நமக்காக வரல்லேன்னாலும் இருக்கும். ரிஜிஸ்தர் ஆபீஸ்ல சாட்சிக்கே மூணு பேரு வேணும். நமக்கு மூணு பேரு யாரு இருக்கா?"

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கி, இரண்டில் நின்று, கையைத் தாழ்த்திக்கொண்டார். "செரி. மிச்சம் உள்ள துண்டையும் எடுப்போம்" என்றார்.

பதினொன்றும் சேர்ந்தபோது மழைக்காலம் வந்திருந்தது. களியக்காவிளையில் ஜெபசீலனின் கடைக்கு எதிரே பிரிஜா என்ற பெண் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தாள். கணவன் கடலுக்குப் போகிறவன். அவள் கடியப்பட்டணத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். ஷெர்லி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "துண்டுபோட்டு ஆளுக்கொண்ணு குடுத்தாவளா?" என்று ஒரே ஒரு முறை கேட்டாள்.

சேர்த்தபோது ஏழாவது துண்டில் நின்றது.

"இதில ஏதோ கோளாறு அக்கா. மத்தது ஒக்க ஒரே அளவு. இது மட்டும் கூடுதல்." பிரிஜா அந்தத் துண்டின் உள்ளே திறந்து காட்டினாள். அர்த்தமில்லாத குறிகள் பாசிபோலப் படர்ந்திருந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், நல்ல தமிழில் இருந்தது:

"ஐக்கியத்தின் மேன்மைக்காக. ஏழாம் பாகம். பொறுப்பாளர்: ம. ஏசுஅடிமை, எம்.ஏ., பி.எட்., செயலாளர்."

ஏழாவது துண்டு கல்லுவிளை சபைக்குரியது. அதைப் பாதுகாத்தது செயலாளர்தான்.

"அந்த வரியை அழிச்சாப் போதாதா?" என்று ஷெர்லி கேட்டாள்.

"போதாது. இது மனுசர் படிக்கதுக்கு உள்ள எழுத்தில்ல. அவரு எழுத்துப் புரோகிராம்ல தொறந்து, தலைப்புப் போட்டு, சேவ் பண்ணியிருக்காரு. சேவ் பண்ணும்போ அது தனக்குப் புரியாததை ஒக்க மாத்திப்போடும். இனி இந்தத் துண்டு இல்லைன்னே வச்சுக்கணும்." பிரிஜா கொஞ்சம் யோசித்தாள். "ஆனா மத்ததை மீட்கலாம். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியாத்தான் சுருக்கியிருக்காவ. பழுதுபாக்குற புரோகிராம் ஒண்ணு உண்டு. அது முதல்ல இருந்து தடவிக்கொண்டு போகும். நல்ல பக்கத்தை எடுக்கும், கெட்டதை விடும்."

மூலையில் லினக்ஸ் போட்ட ஒரு பழைய கம்ப்யூட்டரை அதற்கு விட்டாள். வேலை முடிய மூன்று சாயங்காலம் ஆனது. ஷெர்லி கிளினிக் விட்டு நேராக அங்கே வந்து உட்காருவாள். அந்தக் கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரிந்திருந்தது. கீற்றும் வட்டமும் போய், "ஞானஸ்நானப் பதிவேடு, 1874" என்று தெளிவாக வந்தது. அதற்குள் பக்கங்கள். பக்கங்களுக்குள் சாய்வான மைக்கையெழுத்தில் பெயர்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் அதே பெயரில், முன்னால் ஒரு புள்ளி வைத்து, இன்னொரு கோப்பும் இருந்தது. திறந்தால் ஒன்றுமே இல்லை.

"அது ஆப்பிள் தனக்காக வைக்கிற நிழலு" என்றாள் பிரிஜா. "அதை விடுங்க அக்கா."

ஷெர்லி நிழல்களையும் ஒன்றிரண்டு திறந்து பார்த்தாள். வீட்டுக்குப் போக அவளுக்கு அவசரமில்லை. நூறு வருடத்துக்கு முன்பு கோடை நோயில் இறந்த குழந்தைகளின் பெயர்களை வாசித்தாள். பிரிஜா ஷட்டரைப் பாதி இறக்கியபோதுதான் எழுந்தாள்.

மூன்றாம் நாள் வேலை முடிந்தது. 1874 முதல் 1948 வரை முழுமையாக வந்துவிட்டது. 1982 முதலும் குறையில்லை. நடுவே உள்ளது, செயலாளரின் தலைப்புக்குக் கீழே போய்விட்டது.

ஷெர்லி பிறந்தது 1977.

செப்பனிட்ட கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டுக் கமிட்டியிடம் கொடுத்தாள். நிழல்களையும் சேர்த்து எண்ணியதால் எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு பக்கங்கள் இருப்பதாகப் பொருளாளர் அறிவித்தார். இரட்டிப்பான ஆசீர்வாதம் என்று அது நடவடிக்கைப் புத்தகத்தில் பதிவானது. பிறகு ஏழாவது துண்டின் காரியம் வந்தது. செயலாளர் எழுந்தார்.

"தலைப்புப் போட்டது நான்தான். மறைக்கல்ல. முப்பத்தாறு வருசம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுத்தவன் நான். தலைப்பில்லாத தாளை நான் திருத்தினதே இல்லை. உள்ள என்ன இருக்குன்னு எனக்குப் புரியல்ல, சத்தியம். ஆனா புரியாத ஒண்ணுக்குப் பொறுப்பாளர் யாருன்னாவது தெரியாண்டாமா? ஒரு ஆவணம் போனாப் போகட்டு. அதுக்குப் பொறுப்பு யாருன்னு தெளிவாட்டு இருக்கு. இதுக்குமேல ஒரு நிர்வாகம் என்ன செய்ய முடியும்?"

கை தட்டினார்கள். லீலாபாய் தட்டவில்லை. அவள் ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நாப்பத்தொம்பதில இருந்து எம்பத்தொண்ணு வரைக்கும் இல்லைன்னா," என்றாள் மெதுவாக, "இங்க இருக்கிற ஒருத்தருக்கும் பதிவு இல்லியே. எனக்கும் இல்ல. உங்களுக்கும் இல்ல சார்."

ஞானஸ்நானப் பதிவு இல்லாதவர் கமிட்டியில் இருக்கமுடியாது என்பது விதி. அப்படிப் பார்த்தால் இந்தக் கமிட்டி கமிட்டி இல்லை. கமிட்டி இல்லாத ஒன்று அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. போதகர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் செயலாளரே தீர்மானத்தைச் சொன்னார்: நிர்வாகிகளும் கமிட்டி உறுப்பினர்களும் தங்கள் பதவிக்காலம் முடியும்வரை ஞானஸ்நானம் பெற்றவர்களாகக் கருதப்படுவார்கள்.

"எனக்கு சார்?" என்று ஷெர்லி வெளியிலிருந்து கேட்டாள்.

"நீ கமிட்டியில இல்லியே மக்கா."

"சேரணும்னா?"

"தேர்தல்ல நிக்கணும். நிக்கணும்னா ஞானஸ்நானச் சான்று வேணும்."

போதகர் முதல்முறையாக வாய் திறந்தார். மறுபடி ஒருமுறை ஞானஸ்நானம் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். ஒரு முறைக்குமேல் கொடுப்பது தவறு என்றார் பொருளாளர். ஒரு முறை கொடுத்ததற்குத்தான் சான்று இல்லையே என்றார் போதகர். சான்று இல்லை என்பதால் கொடுக்கவில்லை என்று ஆகிவிடுமா என்று செயலாளர் கேட்டார். அது சரியான கேள்வி என்று எல்லாரும் ஒப்புக்கொண்டு, பொருளைப் பொதுப்பேரவைக்கு அனுப்பினார்கள். பொதுப்பேரவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை கூடும். போன மாதம்தான் கூடி முடிந்திருந்தது.

ஷெர்லி தன் நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஜெபசீலன் மாமரத்தடியில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் சாவியைத் திருகினார்.

"சாட்சிக்கு ஆளு பாருங்க" என்றாள் அவள்.

முப்பது நாள் நோட்டீஸ் பலகையில் அவர்கள் பெயர் ஒட்டியிருந்தது. யாரும் ஆட்சேபிக்கவில்லை, யாரும் வாசித்ததாகவும் தெரியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குக் கையெழுத்துப் போட்டார்கள். பிரிஜா வந்தாள். பெயிண்ட் கடையில் டின் இறக்குகிற பெரியவர் வந்தார். கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர் ஒருமணி நேரம் அனுமதி கேட்டு வந்தார். ஜெபசீலனின் மகள் மீட்டிங்கில் இருந்ததால் பூங்கொத்துப் படம் அனுப்பினாள். தம்பிகளில் ஒருவன் கைகூப்பிய படமும் இன்னொருவன் கேக் படமும் அனுப்பினார்கள். பிறகு ஐந்து பேருமாகப் போய்ப் பிரியாணி சாப்பிட்டார்கள். மருந்துக்காரர் பாதியில் எழுந்து ஓடினார்.

பூட்டியிருந்த அறைகளில் இரண்டு திறந்தன. ஒன்றில் ஜெபசீலன் தன் சாமான்களை வைத்தார். சாயங்காலங்களில் வீட்டில் பேச்சுச் சத்தம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சிக்கலாக இருந்தது. கோயில் மணி அடிக்கும்போது ஷெர்லி தலைசீவிக்கொண்டிருப்பாள். சீவி முடித்து, எங்கும் போகாமல், அப்படியே உட்கார்ந்திருப்பாள். போனால் என்ன சொல்வார்களோ என்று அவளுக்குத் தெரியவில்லை. போகாததற்கு ஏன் என்று கேட்டும் யாரும் வரவில்லை.

ஏழாவது வாரம் பதிவுத் தபாலில் ஐக்கியத்தின் கடிதம் வந்தது. ஜெபசீலன் கையெழுத்துப் போட்டு வாங்கினார். அவள் நின்றுகொண்டே வாசித்தாள்.

"கல்லுவிளை சபையைச் சேர்ந்த செல்வி ஷெர்லி, சபைக்கு வெளியே திருமணம் செய்துகொண்டதால் அவரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குவதெனக் கமிட்டி ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது. உறுப்பினரல்லாத ஒருவரை நீக்க விதியில் இடமில்லை. ஞானஸ்நானம் பெறாதவர் உறுப்பினராயிருக்கவும் இடமில்லை. ஆகவே, நீக்கம் செல்லுபடியாகும்பொருட்டு, அவர் முறைப்படி ஞானஸ்நானம் பெற்றவரே என்று செயலாளரின் நேரடிச் சாட்சியத்தின்பேரில் கமிட்டி ஏற்றுக்கொள்கிறது. அதற்கான சான்று இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. இச்சான்றை நீக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம்."

கீழே சான்று இருந்தது. அசல். வட்ட முத்திரை அழுத்தமாகப் பதிந்திருந்தது.

ஜெபசீலன் அவள் தோளுக்குப் பின்னாலிருந்து வாசித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். எட்டு மாதம் கேட்டு அலைந்தது, வெளியே தள்ளுவதற்கென்றதும் தபாலில் வந்துவிட்டதே என்றார். அவளும் சிரிக்கத் தொடங்கினாள். பிறகு நிறுத்திவிட்டு, சான்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள்.

செயலாளர் அதைத் தன் கைப்படவே நிரப்பியிருந்தார். தேதி, 1977 ஜூன் 12. அப்பா பெயர், வீட்டுப்பெயரோடு. அம்மா பெயர், கல்யாணத்துக்கு முந்தைய பெயரும் சேர்த்து. பழைய போதகரின் பெயர். எந்தப் பதிவேட்டையும் பார்க்காமல் எழுதியது. ஒரு எழுத்துக்கூடப் பிழையில்லை. கடைசியில் குறிப்பு என்ற கட்டத்துக்குள், இடம் போதாமல், எழுத்தைச் சிறிதாக்கி எழுதியிருந்தார்: "அன்று பெருமழை. ஆற்றில் வெள்ளம். வந்தவர்கள், குழந்தையையும் சேர்த்து ஐந்து பேர். பெற்றோர், போதகர், மணி அடித்த நான்."

ஷெர்லி அதைத் திரும்பத் திரும்ப வாசித்தாள்.

"என்ன?" என்றார் ஜெபசீலன்.

"இந்த அஞ்சு பேரில இப்போ இருக்கது நானும் அவருமாக்கும்."

போனை எடுத்து ஐக்கிய அலுவலக எண்ணை அழுத்தினாள். வெகுநேரம் அடித்தபின் செயலாளர் எடுத்தார்.

"சார், நான் ஷெர்லி."

"நீக்கம் சம்பந்தமாட்டு மேல்முறையீடுன்னா எழுத்துமூலம் தரணும்" என்றார்.

"மேல்முறையீடு இல்ல சார். அன்னைக்கு மழையான்னு கேக்கதுக்காக்கும்."

"மழையா? என்ன மழை மக்கா!" அவர் குரல் மாறிவிட்டது. "பாலத்துக்குமேல தண்ணி. உனக்க அப்பா உன்னைத் தலைக்குமேல தூக்கிப் பிடிச்சுக்கொண்டு வாறாரு. அம்மைக்குச் சேலை ஒக்க நனைஞ்சு. ஒரு நல்ல விருந்து வச்சிருந்தாவ, திங்க ஆளில்லை. நான் ஒருத்தனே நாலு ஆளுக்குத் தின்னேன். நீ அழவே இல்ல. கண்ணை முழிச்சு எல்லாத்தையும் பாத்துக்கொண்டு கிடந்த."

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "சொல்லுங்க சார்."

அவர் இன்னும் கொஞ்ச நேரம் சொன்னார். பிறகு, யாரோ கதவைத் தட்டியதுபோலச் சட்டென்று நிறுத்தினார். மணி அடிக்கும் சத்தம் கேட்டது.

"ஆனா ஒரு காரியம்" என்றார். "இப்போ நான் சொன்னது ஒக்க வாய்ப்பேச்சாக்கும். இதை ஆவணமா எடுத்துக்கப்பிடாது, கேட்டியா?"